கடிக்கிற பூட்ஸா, ஆடுகிற பூட்ஸா?

ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, பழகப் போன முதல் வருடமே என் வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். பூட்ஸ் சின்னது, அதுதான் விரலை நசுக்கிவிட்டது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அடுத்த முறை வாடகைக் கடையில் ஓர் அளவு பெரிதாகக் கேட்டு வாங்கினேன். குளிருக்கு இருக்கட்டும் என்று இரண்டு ஜோடி சாக்ஸும் போட்டுக்கொண்டேன். அந்தத் தடவை இரண்டு கால் நகமும் கறுத்தன.

என்ன நடந்தது என்று புரிய இன்னும் ஒரு வருடம் ஆனது. பூட்ஸ் பெரிதாக இருந்ததுதான் கோளாறு. கால் உள்ளே பிடிப்பில்லாமல் முன்னும் பின்னும் ஓடியிருக்கிறது. சரிவில் ஒவ்வொரு திருப்பத்திலும் நகம் போய் முன்சுவரில் முட்டியிருக்கிறது. ஆடுகிறதே என்று பக்கிளை இறுக்கினேன். புறங்கால் அமுங்கி விரல்கள் மரத்துப்போயின. மரத்துப்போகிறதே, இன்னும் பெரிதாக வேண்டுமோ என்று மறுபடி யோசனை. இந்தச் செக்கில் சுற்றுகிற எத்தனையோ பேரை அதற்கப்புறம் பார்த்துவிட்டேன்.

நான் இருப்பது சூரிச்சில். ஃப்ளும்ஸர்பெர்க், ஹோக்-இப்ரிக் போன்ற மலைகளுக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நவம்பர் பிறந்தால், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்த நண்பர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள்: பூட்ஸ் வாங்கிவிடலாமா, வாடகைக்கே எடுக்கலாமா, வாங்கினால் எதை வாங்க? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் உங்கள் காலின் நீளம் தெரிந்தாக வேண்டும். ஷூ அளவைச் சொல்லவில்லை, காலின் நீளத்தைச் சொல்கிறேன். ஸ்கீ பூட்ஸுக்கு மொண்டோபாயின்ட் என்று ஒரு அளவுமுறை உண்டு. பெயர்தான் பெரிது, சங்கதி ஒன்றுமில்லை, சென்டிமீட்டரில் கால் நீளம். 26.5 என்றால் இருபத்தாறரை சென்டிமீட்டர் காலுக்கான பூட்ஸ். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளைத் தரையில் சுவரோடு ஒட்டிப் போட்டு, குதிகாலைச் சுவரில் அழுத்தி, உடம்பின் பாரம் முழுக்க அந்தக் காலில் இருக்கும்படி நில்லுங்கள். மிக நீளமான விரலின் நுனியில் வேறொருவர் பென்சிலால் கோடு போடட்டும். நீங்களே குனிந்து போட்டால் பாரம் மாறி அளவு தப்பும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்று கொஞ்சம் நீளமாக இருக்கும்.

என் கால் 26.4 சென்டிமீட்டர். அன்றாடம் நான் போடும் ஷூ ஐரோப்பிய அளவில் 43. கடைக்காரர்களின் அட்டவணைப்படி 43-க்கு 27.5 பூட்ஸ் வரும். ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து கூடியது? அகலத்திலிருந்து. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால் என்னுடையது. முன்பாதம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அந்த அகலம் கொள்ளும் ஷூ வேண்டுமென்றால் நீளமும் பெரிதாக வாங்கியே பழக்கம். வாழ்நாள் முழுக்க ஓர் அளவு பெரிய ஷூ போட்டுவிட்டு, அதுதான் என் அளவு என்று நம்பியிருந்தேன். கடையில் போய் 43 என்றேன், அவர்கள் 27.5 கொடுத்தார்கள். பக்கவாட்டில் பிடிக்கிறது என்றேன், 28.5 வந்தது. நகம் கறுக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு விஷயம் கடைக்காரர் சொல்லமாட்டார். பெரும்பாலான நிறுவனங்களில் 26-க்கும் 26.5-க்கும் வெளி பிளாஸ்டிக் ஓடு ஒன்றேதான். அரை அளவு வித்தியாசம் உள்ளே இருக்கும் மெத்தை உறையிலோ, பாதத்துக்குக் கீழே வைக்கும் அடித்தகட்டிலோதான் இருக்கும். ஆகவே 26-க்கும் 26.5-க்கும் நடுவே தவிக்க வேண்டியதில்லை. 26.5-லிருந்து 27-க்குப் போவதுதான் உண்மையான தாவல். அங்கே ஓடே மாறுகிறது.

சரி, வாடகைக்கு வருவோம். வாடகை பூட்ஸ் மோசமானது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது வருகிற போகிற எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி அகலமாக, மென்மையாக, தடித்த மெத்தையோடு செய்த பூட்ஸ். வருடத்துக்கு மூன்று நாலு நாள் போகிறவருக்கும், பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாத முதல் வருடக்காரருக்கும், சுற்றுலாவில் குல்மார்க் போய் இரண்டு நாள் பழகுகிறவருக்கும் அதுதான் சரி. ஒரு விஷயத்தில் அது சொந்த பூட்ஸைவிட மேல்: பிடிக்காவிட்டால் மத்தியானம் போய் மாற்றிக்கொள்ளலாம். வெட்கப்படாமல் போய் மாற்றுங்கள். மலையடிவாரக் கடைகளில் இது தினசரி நடப்பது.

குறை எங்கே என்றால் மெத்தையில். லைனர் என்று சொல்லும் அந்த உள்ளுறை நாளாக ஆக அமுங்கும். நூறு பேர் கால் நுழைந்த வாடகை பூட்ஸில் அது எப்போதோ அமுங்கி முடிந்திருக்கும். குதிகால் இருக்க வேண்டிய குழியில் வேறு யாருடைய குதிகாலோ இடம் பிடித்திருக்கும். அளவு சரியாக இருந்தும் குதிகால் எழும்பினால் காரணம் இதுதான். அதே அளவில் இன்னொரு ஜோடி, கொஞ்சம் புதிதாக இருப்பதைக் கேளுங்கள்.

பணக் கணக்கு மட்டும் போட்டால் வாடகைதான் ஜெயிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பூட்ஸுக்கு 520 ஃபிராங்க் கொடுத்தேன். காலுக்கென்று தனியாகச் செய்த அடித்தகட்டுக்கு இன்னொரு 180. மொத்தம் 700. பூட்ஸ் மட்டும் வாடகைக்கு எடுத்தால் நான் போகும் இடங்களில் நாளுக்குச் சுமார் 20 ஃபிராங்க் ஆகும். அந்த 700 கழிய 35 நாள் வேண்டும். வாரக்கணக்கில் எடுத்தால் வாடகை இன்னும் குறைவு, ஆகவே நாள் இன்னும் கூடும். வருடம் ஏழெட்டு நாள் போகிற ஒருவருக்கு ஐந்தாறு வருடம் ஆகிறது. பணம் மிச்சம் என்று சொல்லி யாராவது பூட்ஸ் வாங்கச் சொன்னால் நம்ப வேண்டாம்.

நான் வாங்கியது வேறு காரணத்துக்காக. ஸ்கீக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் ஒரே பிடி பூட்ஸ்தான். முழங்காலை அரை அங்குலம் சாய்த்தால் ஸ்கீயின் விளிம்பு உடனே பனியைக் கவ்வ வேண்டும். பூட்ஸுக்குள் கால் ஒரு சென்டிமீட்டர் ஆடினால், அந்த ஒரு சென்டிமீட்டரும் வீண். நீங்கள் திரும்பிய பிறகு கொஞ்ச நேரம் கழித்து ஸ்கீ திரும்பும், ஸ்டியரிங்கில் பிளே உள்ள பழைய அம்பாசிடர் மாதிரி. இதை ஸ்கீயை மாற்றிச் சரிசெய்ய முடியாது. அதனால் என் கணக்கு இப்படி: பூட்ஸ் சொந்தம், ஸ்கீ வாடகை. பனியும் சரிவும் மாறினால் ஸ்கீ மாறலாம், கால் மாறுவதில்லையே. பயணத்திலும் பூட்ஸ் ஒரு பையில் அடங்கிவிடும்.

புதியவர்கள் இதற்கு நேர் தலைகீழாகச் செய்கிறார்கள். தள்ளுபடியில் பளபளவென்று ஸ்கீ வாங்கிவிட்டு பூட்ஸை வாடகைக்கு எடுக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் பூட்ஸின் அடிநீளம் மாறும். அதற்கேற்ப, பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கை மறுபடி அமைக்க வேண்டும். விழும்போது ஸ்கீ காலைவிட்டுக் கழன்றுகொள்ளும் விசையை உங்கள் எடை, உயரம், வயது, ஓட்டும் விதம் ஆகியவற்றோடு பூட்ஸின் அடிநீளத்தையும் வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அந்த நீளம் குதிகால் பக்கம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதைக் கவனிக்காமல் வேறு பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புவது முழங்காலோடு விளையாடுகிற விளையாட்டு.

பழைய பூட்ஸ் வாங்கலாமா? இலையுதிர் காலத்தில் இங்கே ஊருக்கு ஊர் பழைய ஸ்கீ சாமான் சந்தை நடக்கும். 60 ஃபிராங்குக்கு நல்ல பெயருள்ள பூட்ஸ் கிடைக்கும். பிள்ளைகளுக்கு என்றால் யோசிக்காமல் வாங்குவேன். பெரியவர்களுக்கு இரண்டு தயக்கம். ஒன்று, அந்த மெத்தை இன்னொருவர் காலுக்கு வார்த்தது. இரண்டு, பிளாஸ்டிக்குக்கும் வயதாகும். பாலியூரித்தேன் ஈரத்தால் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். பரணில் பத்திரமாக இருந்த பூட்ஸ்கூட ஒரு குளிர் நாளில் ஓடு உடைந்து கையோடு வரும். பத்து வருடம் தாண்டியது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடிப்பாகத்தின் முன்நுனியும் பின்நுனியும் தேய்ந்திருந்தால் அதுவும் வேண்டாம், அங்கேதான் பைண்டிங் பிடிக்கிறது.

புதிது வாங்குவது என்று முடிவானால், கடையில் நூறு பூட்ஸ் வரிசையாக நிற்கும். நிறத்தையும் பெயரையும் விட்டுவிட்டு மூன்று எண்களைப் பாருங்கள்: நீளம், அகலம், விறைப்பு. நீளம் பார்த்தாகிவிட்டது.

அகலம்தான் நம்மவர்களுக்கு உயிர்நாடி. பூட்ஸ் எந்தக் கால் அச்சில் வார்க்கப்பட்டதோ, அதன் முன்பாத அகலத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள், 26.5 அளவை வைத்துச் சொல்லும் எண் அது. 98-ஐ ஒட்டியிருந்தால் ஒடுக்கம், 100 நடுத்தரம், 102-க்கு மேல் அகலம். ஒரே பெயரில் மூன்று அகலத்தில் செய்கிறார்கள். அட்டோமிக்கின் ஹாக்ஸ் வரிசையில் அல்ட்ரா 98, ப்ரைம் 100, மேக்னா 102. டெக்னிகாவின் மாக்1 வரிசையில் 98, 100, 103. இந்த எண்ணைப் பார்க்காமல் நீளத்தைக் கூட்டி அகலத்தை ஈடுகட்டப் பார்ப்பதுதான் நான் வருடக்கணக்கில் செய்த தப்பு.

அப்படியானால் அகலக் காலுக்கு 103 வாங்கிவிடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். 103 என்பது முன்பாதத்தில் மட்டும் அகலம் இல்லை. குதிகால் குழி, புறங்கால் உயரம், கெண்டைக்கால் சுற்று எல்லாமே தாராளமாக இருக்கும். கால் முழுக்கவே தடிமனானவருக்கு அது சரி. என்னைப் போல முன்னால் விசிறி, பின்னால் ஒல்லிக் குதிகால் என்றிருப்பவருக்கு 103-இல் விரல்கள் சுகமாக இருக்கும், குதிகால் எழும்பிக் கூத்தாடும். நான் 100 வாங்கி, சுண்டுவிரல் எலும்பு இடிக்கும் இடத்தை மட்டும் சூடாக்கி வெளியே தள்ளிக்கொண்டேன். பூட்ஸ் பொருத்துகிற ஆட்கள் இதைச் சாதாரணமாகச் செய்வார்கள். ஓடு இறுக்கமாக இருந்தால் அங்கங்கே பெரிதாக்கலாம், ஓடு பெரிதாக இருந்தால் சிறிதாக்க யாராலும் முடியாது. சந்தேகம் வந்தால் சின்னதன் பக்கம் சாயச் சொல்வது இதனால்தான்.

அந்தப் பொருத்துகிறவர் முதல்முறை என்ன செய்தார் என்று சொல்கிறேன், கடையில் நீங்களே செய்து பார்க்கலாம். பூட்ஸை எடுத்தார், உள்ளே இருந்த மெத்தையை உருவி மேசைமேல் வைத்தார். வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் மெல்லிய சாக்ஸ் போட்ட என் காலை விடச் சொன்னார். விரல்கள் முன்சுவரைத் தொடும்வரை தள்ளு, இப்போது முழங்காலை மடக்கு என்றார். பின்னால் கைவிளக்கை அடித்து, குதிகாலுக்கும் ஓட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று குனிந்து பார்த்தார். தன் இரண்டு விரலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து உள்ளே விட்டார். லேசாக உரசிக்கொண்டு நுழைந்தன. ஒரு விரல் நுழைந்தால் பந்தயக்காரன் பொருத்தம், இரண்டு நுழைந்தால் உன்னை மாதிரி ஆளுக்குச் சரி, மூன்று நுழைந்தால் பூட்ஸை அலமாரியில் வை என்றார். நான் முன்பு வாடகைக்கு எடுத்த 28.5-இல் அப்படிப் பார்த்திருந்தால் மூன்று விரலுக்கு மேலும் இடம் இருந்திருக்கும்.

மெத்தையைத் திரும்ப மாட்டி, பக்கிள் போட்டு நிற்க வைத்தார். நிமிர்ந்து நின்றபோது விரல் நுனிகள் முன்னால் முட்டின. சின்னதாக இருக்கிறது என்றேன். முழங்காலை முன்னே மடக்கு என்றார். மடக்கியதும் குதிகால் பின்னே போய் உட்கார, விரல்கள் அரை மயிரிழை விலகின. அதுதான் வேண்டும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊரில் வளையல்காரர் அக்காவின் கையைப் பிசைந்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, சோப்பு நுரை போட்டு வளையல் ஏற்றுவாரே, அது நினைவுக்கு வந்தது. தடையில்லாமல் ஏறுகிற வளையல் தடையில்லாமல் கழன்றும் விழும். கால்மணி நேரம் கடையிலேயே அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஐந்தாவது நிமிடத்தில் இருந்த முட்டல் பதினைந்தாவது நிமிடத்தில் தெரியவில்லை.

இறுக்கம் வேறு, வலி வேறு. கால் முழுவதையும் ஒருவர் உறுதியாகக் கைகுலுக்கிப் பிடித்த மாதிரி இருந்தால் அது இறுக்கம்; மெத்தை அமுங்க அமுங்க இளகும். ஒரே ஒரு புள்ளியில் சுருக்கென்று குத்தினால், அல்லது புறங்காலில் அமுக்கி விரல்கள் சில்லிட்டுப் போனால், அது தானாகச் சரியாகாது. அங்கே பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெளியே தள்ள வேண்டும், இல்லையேல் வேறு பூட்ஸ்.

அடுத்தது விறைப்பு. ஃப்ளெக்ஸ் என்று 60-லிருந்து 130, 140 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். கணுக்காலை முன்னே மடக்க பூட்ஸ் எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கான எண். இதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 100 இன்னொரு நிறுவனத்தின் 90 ஆக இருக்கும். பழகுகிற ஆண்களுக்கு 80, 90, ஓரளவு ஓட்டுகிறவர்களுக்கு 100, 110 என்பார்கள். பெண்களுக்கு இருபது குறைத்துக்கொள்ளலாம். எடையைப் பார்ப்பது நல்லது. நான் 66 கிலோ. 100 போதும், 120 எனக்குச் சிமென்ட் தொட்டி. கூச்சமே இல்லாமல் குறைவானதைக் கேளுங்கள், ஏனென்றால் கடையின் கதகதப்பில் இளகி மடங்குகிற பிளாஸ்டிக் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில் நன்றாக விறைத்துவிடும்.

இனி ஓட்டின் வகை. இங்கே நான்கு வழி இருக்கிறது, நான்கும் சமமில்லை.

கடைகளில் முக்கால்வாசி இருப்பது இரண்டு துண்டு ஓடு: கீழ்ப்பகுதியின் இரு மடிப்பும் புறங்கால்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வேட்டி மடிப்பு மாதிரி வந்து அமரும், மேல்பகுதி கெண்டைக்காலைச் சுற்றும், நான்கு பக்கிள். 1960களில் பாப் லாங்கே என்ற அமெரிக்கர் தோலை விட்டுவிட்டு பிளாஸ்டிக்கில் பூட்ஸ் வார்க்க ஆரம்பித்ததிலிருந்து பந்தயக்காரர்கள் நம்புவது பெரும்பாலும் இந்த வடிவத்தைத்தான். காலைச் சுற்றிப் பிடிப்பதில் இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் புறங்கால் உயரமாக உள்ளவருக்கு இதற்குள் கால் நுழைப்பதே ஒரு மல்லுக்கட்டு. காரின் டிக்கியில் இரவு முழுக்கக் கிடந்த பூட்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் விரிந்துகொடுக்காது, வாகன நிறுத்தத்தில் ஒற்றைக்காலில் நின்று கெட்ட வார்த்தை பேச வேண்டியதுதான். ராத்திரி பூட்ஸை வீட்டுக்குள் வையுங்கள்.

மூன்று துண்டு ஓடு இரண்டாவது. முன்பக்கம் தனி நாக்கு. அதைத் தூக்கினால் பூட்ஸ் வாயைத் திறந்துகொள்ளும், கால் சிரமமில்லாமல் போகும். சுவிஸ் நிறுவனமான ரைக்லேயின் ஃப்ளெக்சான் இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது. இன்று டால்பெல்லோ, கே2 நிறுவனங்களின் சில பூட்ஸ்கள் அதே வழியில் வருகின்றன. மடங்கும்போது ஒரே சீராக, துள்ளலோடு மடங்கும். குதிக்கிறவர்களும் மேடுபள்ளத்தில் ஓட்டுகிறவர்களும் இதைத்தான் விரும்புகிறார்கள். உயரமான புறங்கால் என்றால் இதை ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது பின்வாசல் பூட்ஸ். பின்பக்கம் கதவு மாதிரி திறக்கும், செருப்பில் நுழைவது போல நுழைந்து ஒரு கொக்கியை மாட்டினால் முடிந்தது. 1980களில் சாலமோனின் எஸ்எக்ஸ் வரிசையைப் பார்க்காத மலையே இல்லை. அப்புறம் கிட்டத்தட்ட மறைந்துபோனது. முன்பாதத்தையும் புறங்காலையும் தனித்தனியாக இறுக்க அதில் வழி குறைவு என்பதுதான் அதன் பலவீனம். இப்போது நோர்டிகாவின் எச்எஃப் போன்றவற்றில் திரும்பி வந்திருக்கிறது. குனியச் சிரமப்படுகிறவர், இடுப்பு வலிக்காரர், எளிதான நீலச் சரிவில் நிதானமாக இறங்கி மத்தியானம் சூப் குடிக்கிறவர் ஆகியோருக்கு இது கேலிக்குரிய பூட்ஸ் இல்லை. வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு ஆகாது.

நான்காவது, ஓட்டின் வகை இல்லை, இறுக்கும் விதம். 2023-24 பனிக்காலத்திலிருந்து கீழ் இரண்டு பக்கிளுக்குப் பதிலாக போவா என்ற திருகும், மெல்லிய கம்பியும் வைத்த பூட்ஸ்கள் வருகின்றன. அட்டோமிக், சாலமோன், கே2, ஃபிஷர் எல்லாரும் செய்கிறார்கள். திருகினால் கம்பி புறங்காலைச் சுற்றி ஒரே சீராக இறுக்கும். பக்கிள் அமுக்கும் அந்த ஒற்றைப் புள்ளி வலி இருக்காது. நண்பர் ஒருவரின் பூட்ஸைப் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். பக்கிளில் விரல் பக்கத்தைத் தளர்வாகவும் புறங்கால் பக்கத்தை இறுக்கமாகவும் தனித்தனியே வைக்கலாம். ஒற்றைத் திருகில் இரண்டும் சேர்ந்துதான் வரும். என் விசிறிப் பாதத்துக்கு அந்தத் தனித்தனி வசதி தேவைப்படுகிறது. கூடுதல் விலையை இதற்குக் கொடுப்பதைவிட அடித்தகட்டுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. புறங்காலில் பக்கிள் வலி தீராத ஒருவர் எதிர்க்கட்சியில் இருந்தால் மறுக்கமாட்டேன்.

அடிப்பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டையான கெட்டி அடி ஒன்று, கிரிப்வாக் என்ற வளைந்த ரப்பர் அடி இன்னொன்று. பனி உறைந்த படிக்கட்டில் நடக்கும்போது இரண்டாவதன் அருமை தெரியும். ஆனால் கிரிப்வாக்குக்குப் பொருந்தும் பைண்டிங்கில்தான் அது பாதுகாப்பாக அமரும். வீட்டில் பழைய ஸ்கீ இருந்தால் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் 150 ஃபிராங்க் குறைவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கிறது. கால் எந்தச் சிக்கலும் இல்லாத, நடுவான கால் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது லாபமே. மற்றவர்களுக்கு அந்த 150 பொருத்துகிறவரின் கூலி. நான் வாங்கிய பிறகு மூன்று முறை திரும்பிப் போனேன்: ஒருமுறை சுண்டுவிரல் பக்கம் தள்ள, ஒருமுறை அதே இடம் இன்னும் இரண்டு மில்லிமீட்டர், மூன்றாம் முறை கணுக்கால் எலும்பு. ஒரு காசு கேட்கவில்லை. கடையில் போட்டுப் பார்த்து அளவைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஓடு தள்ளிக்கொடுக்க அந்த ஆள் எதற்கு மெனக்கெட வேண்டும்?

பிள்ளைகள் விஷயம் தனி. வளர்கிற பிள்ளை என்று சீருடையை இரண்டு அளவு பெரிதாகத் தைக்கும் நம் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. மகளின் பள்ளியில் பனிச்சறுக்கு முகாம் என்றதும் நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். கால் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் வரை இடம் இருக்கலாம். அதற்கு மேல் என்றால் குழந்தை பழகுவதற்குப் பதில் பூட்ஸைச் சுமந்துகொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு பருவ வாடகைதான் சிறந்தது: அக்டோபரில் எடுத்து ஏப்ரலில் திருப்பிக் கொடுப்பது. அடுத்த வருடம் கால் எப்படியும் வளர்ந்திருக்கும்.

என் மனைவி இவ்வளவையும் என்னோடு இருந்து கேட்டாள். கடையில் ஐந்து பூட்ஸ் போட்டுப் பார்த்தாள். பெண்களுக்குக் கெண்டைச்சதை கீழே இறங்கியிருப்பதால் மேல்பகுதியைக் குட்டையாக வைத்துச் செய்கிறார்கள் என்பதையும் பொருத்துகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, வருடத்துக்கு நாலு நாளுக்காக 600 ஃபிராங்க் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கணக்கில் தப்பில்லை. அவள் செய்தது ஒன்றுதான்: போனில் ஒரு குறிப்பு, "23.5, அகலம் 102, ஃப்ளெக்ஸ் 70, அமுங்காத லைனர்." போன ஜனவரியில் வாடகைக் கடையில் ஷூ அளவு என்ன என்று கேட்ட பையனிடம் அந்தப் போனை நீட்டினாள். அவன் படித்தான், அவளை ஒருமுறை பார்த்தான், கை எட்டும் அலமாரியில் வைத்திருந்த பூட்ஸை விட்டுவிட்டு உள்ளே போய் ஒரு புதுப் பெட்டியோடு வந்தான்.